வாசல் திறந்தது, வகுப்பறை திறக்கவில்லை: ஐ.ஐ.டி.களில் பெண்கள்

2016-ஆம் ஆண்டு ஐ.ஐ.டி.களின் இளநிலைப் படிப்புகளில் சேர்ந்தவர்களுள் பெண்கள் சுமார் 8 விழுக்காட்டினர் மட்டுமே. 2020-இல் அவர்களின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடானது. நான்கே ஆண்டுகளில் பெண்களின் கணித அறிவு இரண்டரை மடங்கு வளர்ந்துவிடவில்லை. மாறியது சேர்க்கை விதி.

மண்டி ஐ.ஐ.டி.யின் அன்றைய இயக்குநர் திமோத்தி கொன்சால்வஸ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. அவ்வாண்டில் 14, அடுத்த ஆண்டில் 17, 2020-இல் 20 விழுக்காடு என்று இலக்கு உயர்த்தப்பட்டது. பிறருக்குரிய இடங்கள் குறைக்கப்படவில்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெற்ற பெண்களே அவற்றில் சேர்ந்தனர். அதாவது, தகுதி பெற்ற பெண்கள் முன்பும் இருந்தனர், இடம்தான் இல்லை.

நுழைவுத் தேர்வின் தரவரிசை தூய திறமையின் அளவுகோல் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அந்தத் தரவரிசைக்குப் பின்னால் லட்சக்கணக்கில் செலவாகும் பயிற்சி மையங்கள் உள்ளன. அந்தச் செலவை மகனுக்குச் செய்யும் குடும்பங்கள் பல, மகளுக்குச் செய்வதில்லை. கூலி வேலையால் வாழும் தலித் குடும்பத்திற்கோ அது இருவருக்குமே எட்டாதது.

2020-க்குப் பிறகு இந்த எண் 20-ஐச் சுற்றியே நிற்கிறது. குறைந்தபட்சமாக வைக்கப்பட்ட அளவு உச்சவரம்பாக மாறிவிட்டது. இத்திட்டம் இளநிலைச் சேர்க்கையோடு முடிந்தும்விடுகிறது. கூடுதல் இடங்கள் எல்லாப் பிரிவினருக்கும் பகிரப்படுவதால் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களும் உள்ளே வருகின்றனர், இது வரவேற்கத்தக்கது. ஆனால் முனைவர் பட்ட நேர்காணல் அறையில் அவர்களை மதிப்பிடுவோர் யார்? வகுப்பறையில் கற்பிப்போர் யார்?

2019-ஆம் ஆண்டின் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் ஐ.ஐ.டி.களுக்கும் பொருந்தும். அடுத்த ஆண்டே, இடஒதுக்கீட்டைச் சரிவர நடைமுறைப்படுத்த வழி கூறுமாறு ஒன்றியக் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. டெல்லி ஐ.ஐ.டி.யின் அன்றைய இயக்குநர் ராம்கோபால் ராவ் தலைமையிலான அக்குழு, ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்தே ஐ.ஐ.டி.களுக்கு விலக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்தும் வழியைக் கேட்டதற்கு, தப்பிக்கும் வழியே விடையாக வந்தது.

மாணவர்களிடையே நுழைவுத் தேர்வின் தர எண்ணைக் கேட்பது முறையன்று என்று மும்பை ஐ.ஐ.டி. 2023-இல் அறிவிப்பு வைத்தது. அறிவிப்பு வைக்கும் அளவுக்கு அந்தக் கேள்வி வழக்கமாகியிருந்தது. அது எண்ணைக் கேட்பதன்று, சாதியைக் கேட்பது. பெண்ணிடம் கேட்கப்படும்போது ‘கூடுதல் இடத்தில் வந்தவளா’ என்ற ஏளனமும் சேர்கிறது. தலித் பெண் இரு கேள்விகளுக்கும் ஒருசேர ஆளாகிறாள். பொது விவாதமோ ‘பெண்கள்’ என்று ஒரு கணக்கும் ‘பட்டியல் சாதியினர்’ என்று மற்றொரு கணக்கும் போடுகிறது. இரண்டிலும் அவள் இருக்கிறாள். இரண்டிலும் அவள் முகம் தெரிவதில்லை.

ஆகவே நாம் கோருவது மூன்று. 20 விழுக்காடு என்ற அளவு, பாதியை நோக்கி ஆண்டுதோறும் உயர்த்தப்பட வேண்டும். சேர்க்கை, இடைநிற்றல், முனைவர் பட்டம், ஆசிரியர் நியமனம் ஆகிய ஒவ்வொரு கட்டத்தின் விவரமும் துறைவாரியாக, சாதியும் பாலினமும் இணைந்த கணக்காக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். ஆசிரியர் பணியில் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் 1989-இலேயே பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. எனவே இது நடக்காத கனவன்று.

ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக 1942-இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் கூறினார். நாட்டின் தலைசிறந்த தொழில்நுட்ப நிறுவனங்களும் அதே அளவுகோலால் அளக்கப்படட்டும்.