பெயரை விற்கலாம், அச்சத்தை விற்கலாமா?

நம் பிள்ளைகளில் சிலர் இன்று புதியதொரு வணிகத்தில் இறங்கியிருக்கின்றனர். அதற்குக் கடை வேண்டாம், சரக்கு வேண்டாம், கிடங்கும் வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் கட்டி, டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர் ஒன்றைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்கின்றனர். பின்னர், அப்பெயர் தேவைப்படும் நிறுவனத்திற்குப் பன்மடங்கு விலைக்கு அதை விற்க முனைகின்றனர். 2019இல் 'வாய்ஸ்.காம்' என்னும் ஒரே பெயர் 3 கோடி டாலருக்கு விலைபோனது. அந்தச் செய்தியைக் காட்டியே இத்தொழிலுக்கு ஆள் சேர்க்கின்றனர்.

பெயரை வாங்கி விற்பதே தவறு என்று நாம் கூறவில்லை. ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போட்டு, விலை ஏறியபின் விற்பவரை யாரும் பழிப்பதில்லை. பொதுச்சொல்லால் ஆன நல்ல பெயரை முன்கூட்டியே கண்டுகொண்டவர் இலாபம் பெறுவதும் அவ்வாறே. நம் கேள்வி விற்கும் முறையைப் பற்றியது.

வாங்குபவர் தேடி வரும்வரை காத்திராமல், வாங்கக்கூடியவரைத் தேடி மின்னஞ்சல் அனுப்புவதை இத்தொழிலில் 'அவுட்பவுண்ட்' என்கின்றனர். இதைக் கற்றுத்தருவோர், நாளொன்றுக்கு இத்தனை மடல்கள் என்று கணக்கும் தருகின்றனர். 100 பெயர்களை வைத்திருப்பவர், ஒன்றுகூட விற்காவிட்டாலும், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அந்தக் கெடு நெருங்க நெருங்க மடலின் குரல் மாறுகிறது. "இப்பெயர் தங்களுக்குப் பயன்படுமா?" என்று தொடங்கியது, "தங்கள் போட்டியாளர் ஒருவரும் கேட்டிருக்கிறார், இன்றிரவுக்குள் பதில் தேவை" என்று முடிகிறது. போட்டியாளர் எவரும் கேட்டிருக்கவில்லை. இரவில் முடியும் ஏலம் என்று ஒன்றும் இல்லை.

இதற்கு நம் மார்க்கத்தில் பெயர் உண்டு. வாங்கும் எண்ணமில்லாத ஒருவர் விலையை ஏற்றிவிடுவதை 'நஜ்ஷ்' என்கிறோம். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடை செய்தார்கள். அன்று சந்தையில் ஓர் ஆளேனும் எதிரில் நின்று பொய் விலை கேட்டான். இன்று அந்த ஆளே இல்லை. அவன் பெயரால் பொய் மட்டும் மடலில் செல்கிறது. குற்றம் குறைந்ததா, கூடியதா என்பதை நாமே எண்ணிப் பார்ப்போம்.

இன்னொரு தீமையும் உண்டு. பிறர் உழைத்து நிலைநிறுத்திய வணிகப் பெயரையே பதிவு செய்துகொண்டு, அதை அவரிடமே விற்க முயல்வது அது. இத்தகைய தகராறுகளைத் தீர்க்க ஐகான் அமைப்பு 1999இல் விதி வகுத்தது. அவ்விதியின் கீழ் தீர்ப்பான முதல் வழக்கே இப்படிப்பட்டதுதான். ஒருவர் அமெரிக்க மல்யுத்த நிறுவனமொன்றின் பெயரைப் பதிவு செய்தார். மூன்றே நாளில் அந்நிறுவனத்தை மின்னஞ்சலில் தொடர்பு கொண்டு, 1,000 டாலருக்கு விற்க முன்வந்தார். 2000 ஜனவரியில் அப்பெயரை நிறுவனத்திடமே ஒப்படைக்குமாறு நடுவர் தீர்ப்பளித்தார். விற்க அனுப்பிய மடலே அவருக்கு எதிரான சான்றாயிற்று. இந்தியாவிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே தொடர்ந்த வழக்கில், வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்துள்ளது.

"மடல்தானே அனுப்புகிறோம், வேண்டாமென்றால் அழித்துவிடட்டுமே" என்பர் சிலர். பெரிய நிறுவனம் அழித்துவிடும். அதற்கு வழக்கறிஞர் இருக்கிறார். ஆனால் வங்கிக் கடனில் சிறு கடை நடத்துபவர், தம் கடையின் பெயரை யாரோ பறித்துக்கொள்வார் என்று அஞ்சித் தேவையற்ற பெயரை வாங்குகிறார். அவர் கொடுத்த பணத்தில் மனநிறைவு எங்கே இருக்கிறது? அச்சம்தானே அவரிடமிருந்து அதைப் பிடுங்கியது?

நேர்மையாக விற்க வழி இல்லாமல் இல்லை. பிறருடைய வணிகப் பெயரைத் தொடாதிருக்கலாம். சொந்தப் பெயரிலும் உண்மையான முகவரியிலும் எழுதலாம். அந்தப் பெயர் முன்பு மோசடிக்குப் பயன்பட்டிருந்தால் அந்தக் குறையைச் சொல்லிவிட்டே விலை பேசலாம். வேண்டாம் என்றவருக்கு மீண்டும் எழுதாமல் இருக்கலாம். அமெரிக்காவில் 2003இல் இயற்றப்பட்ட சட்டமும் வணிக மடலில் மெய்யான அஞ்சல் முகவரியையும், இனி அனுப்பாதீர் என்று மறுக்கும் வழியையும் கட்டாயமாக்குகிறது. ஏமாற்றும் தலைப்பைத் தடுக்கிறது. அந்நாட்டுச் சட்டம் கேட்கும் அளவு நேர்மையையேனும் நாம் காட்ட வேண்டாமா?

இப்படி நடந்தால் விற்பனை குறையும் என்பது உண்மை. குறையட்டும். பொய் சொன்னால்தான் விலைபோகும் பெயர், முதலிலேயே வாங்கத் தகாத பெயர்.

பெற்றோர்களே! மகன் வீட்டிலிருந்தபடியே டாலரில் சம்பாதிக்கிறான் என்று மகிழ்கிறோம். எவ்வளவு வந்தது என்று கேட்கும் நாம், என்ன எழுதி அனுப்பினாய் என்றும் ஒருமுறை கேட்போம். அவன் அனுப்பிய மடலை நம்மிடம் கூச்சமின்றிப் படித்துக் காட்ட முடிந்தால், அந்த வருமானத்தில் பரக்கத்தை எதிர்பார்க்கலாம். முடியாவிட்டால், அந்தப் பணம் நம் சமையலறைக்குள் வருமுன் அதைத் தடுத்து நிறுத்துவது நம் கடமை.