ஆளை மாற்றவில்லை, டிரம்ஸை மாற்றினார்கள்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



ரிக் ஆலன் என்ற பெயரை நம் பள்ளியில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கிலாந்துக்காரர். டெஃப் லெப்பர்டு என்ற ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். அதுவும் ஒரே கையால். இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் "தன்னம்பிக்கை இருந்தால் எதையும் சாதிக்கலாம்" என்றுதான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த மாதம் தாளில் இடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் அவர் கதை. 1963-ல் ஷெஃபீல்டு நகரத்துக்குப் பக்கத்தில் ட்ரான்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். ஷெஃபீல்டு எஃகுக்குப் பேர் போன ஊர். 1978-ல் அங்கே சில பையன்கள் நடத்திய குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அதற்குப் பதில் போட்டது இவர் இல்லை, இவருடைய அம்மா! அப்போது இவருக்கு வயசு 15. என்னைவிட ஒரு வயசுதான் கூட. (எங்க அம்மாவிடம் இதைச் சொன்னேன். "படிக்கிற வேலையைப் பாரு" என்றார்கள்.) 16-வது பிறந்த நாளில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கத்தில் வாசித்தார். 1983-ல் வந்த அவர்களுடைய பைரோமேனியா ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் இதுவரை ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

1984 டிசம்பர் 31. புது வருஷத்துக்கு முந்தின நாள். ஷெஃபீல்டு பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டு போனபோது விபத்து. இடது கை துண்டாகிவிட்டது. டாக்டர்கள் திரும்ப வைத்துத் தைத்தார்கள். ஆனால் கிருமி பிடித்துவிட்டதால் எடுக்க வேண்டியதாகிவிட்டது. வயசு 21.

டிரம்ஸ் என்றால் கல்யாண ஊர்வலத்தில் தோளில் மாட்டி அடிக்கிற டிரம் மாதிரி ஒன்று இல்லை. ஐந்தாறு டிரம்மும் தட்டுகளும் சுற்றி இருக்கும், நடுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வலது கை தட்டில் தாளம் போடும். இடது கை ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் 'டப்' என்று அடிக்கும். வலது கால் பெடலை மிதித்தால் பெரிய டிரம் 'தும்' என்னும். இடது காலுக்கு வேலை கொஞ்சம்தான். இப்படி நான்கு பேர் வேலையை ஒரே ஆள் செய்கிற மாதிரி. அதில் ஒரு கை போய்விட்டால் 'டப்' போய்விட்டது என்று அர்த்தம். 'டப்' இல்லாமல் ராக் பாட்டு கிடையாது.

ஆஸ்பத்திரியில் கட்டிலிலிருந்து சறுக்காமல் இருக்க கால்மாட்டில் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டை வைத்திருந்தார்களாம். அதில் காலால் தட்டிப் பார்த்தபோதுதான் ஆலனுக்குத் தோன்றியது: கைக்குத் தெரிந்த தாளம் காலுக்கும் தெரிகிறதே! சும்மா இருந்த இடது காலுக்கு இடது கையின் வேலையைக் கொடுத்துவிட்டால்? இந்த யோசனையை வைத்து மின்னணு டிரம்ஸில் நிறைய பெடல்கள் பொருத்தினார்கள். இடது காலால் மிதித்தால் ஸ்நேர் சத்தம் வரும். சொல்வதற்கு சுலபம். நீங்கள் ஒரு தடவை வலது கையால் ஒரு தாளமும் இடது காலால் வேறு தாளமும் போட்டுப் பாருங்கள், தெரியும்.

இது தன்னம்பிக்கைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற நான்கு பேர் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் புது ஆள் தேடவில்லை. வாசிப்பதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம் இல்லை. விபத்து நடந்தது 1984 கடைசியில், அவர் மேடை ஏறியது 1986 ஆகஸ்டில்.

"அவங்க பணக்காரங்க, காத்திருக்கலாம்" என்று என் தோழி சொன்னாள். அப்படி இல்லை. அடுத்த ஆல்பம் முடியாமல் இழுத்துக்கொண்டே போய், கடன்தான் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது புது ஆள் போட்டிருந்தால் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். "பாவம், என்ன செய்ய முடியும்" என்று சொல்லி மறந்திருப்பார்கள்.

1986-ல் அயர்லாந்தில் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளில் ஜெஃப் ரிச் என்ற இன்னொரு டிரம்மரையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கவனியுங்கள், துணைக்குத்தான், பதிலுக்கு இல்லை. ஒரு நாள் அவர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. ஆலன் தனியாகவே வாசித்தார். அதோடு துணை தேவைப்படவில்லை. அதே ஆகஸ்டு 16 அன்று டோனிங்டன் திடலில் பெரிய ராக் விழா. பாடகர் ஜோ எலியட் இவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. 1987-ல் அந்த இழுத்தடித்த ஆல்பம் வந்தது. அதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர் சொன்னதே ஆலன்தான். உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் விற்றது. 2019-ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் குழு சேர்க்கப்பட்டபோதும் டிரம்மர் அவரேதான்.

அந்த நான்கு பேர் காத்திருக்காவிட்டால், ஆலனுடைய தன்னம்பிக்கை வீட்டுக்குள்ளேயே தலையணையைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கும். இதுதான் நான் சொல்ல வந்த மீதிப் பாதி.

நம் பள்ளியிலும் ஓட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். விளையாட்டு பீரியடில் அவர்களுக்கு நாம் கொடுக்கிற வேலை என்ன? எல்லாருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வது. "நீயும் சாதிக்கலாம்" என்று பேச்சுப் போட்டியில் சொல்லிவிட்டு, பீரியடில் "இதைப் பார்த்துக்கோ" என்று நாமேதான் சொல்கிறோம். உட்கார்ந்து ஆட கேரம் போர்டு இரண்டு இருக்கிறது. எறிபந்துக்கு நின்ற இடத்திலிருந்து எறிகிற மாதிரி விதி வைத்தாலும் ஆடலாம், நாங்கள் ஐந்து பேர் ஆடத் தயார். கேரம் போர்டு அலமாரியில் பூட்டி இருக்கிறது. சாவி பி.டி. சாரிடம் இருக்கிறது. சார் இந்தத் தாளைப் படிப்பார் என்று நம்புகிறேன்.