இறுதித் தீர்ப்பும் அரை மணி நேரமும்

உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்த பிறகும் ஒரு குற்ற வழக்கு ஏன் முடிவதில்லை என்று ஸ்ரீரங்கத்தில் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். முடிவில்லாத வழக்கு, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் தண்டனையே. ஆனால், வழக்கை விரைந்து முடிக்கும் சிக்கனத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதையும் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் பார்க்கிறேன்.

திருச்சி அமர்வு நீதிமன்றத்தில் தண்டிக்கப்படுபவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்வது உரிமை. அதற்கு மேல் தில்லி செல்வது பெரும்பாலும் உரிமையன்று. அரசமைப்புச் சட்டத்தின் 136-ஆவது பிரிவின்கீழ் உச்சநீதிமன்றம் தன் விருப்புரிமையால் தரும் அனுமதி. அங்கும் தோற்றால் சீராய்வு மனு. அதன்பின், 2002-இல் ரூபா அசோக் ஹுரா வழக்கில் வகுக்கப்பட்ட மறுசீராய்வு மனு. இவை பொதுவாக வாய்மொழி வாதமின்றி நீதிபதிகளின் அறையிலேயே முடிவாகின்றன.

2014-இல் முகமது ஆரிஃப் வழக்கில் அரசியல் சாசன அமர்வு ஒரு விலக்கு அளித்தது. மரண தண்டனைக் கைதியின் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில், அதிகபட்சம் அரை மணி நேரம், கேட்க வேண்டும் என்றது. அதன் பயனைத் தமிழகம் கண்டது. தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில் 2010-இல் உறுதியான மூவரின் மரண தண்டனை, 2016-இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. கடலூர் மாவட்டத்தில் 2009-இல் நடந்த சிறுவன் கொலை வழக்கில் 2013-இல் உறுதியான மரண தண்டனை, 2023-இல் குறைந்தது 20 ஆண்டுச் சிறையாக மாறியது. தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழல்கள் அதுவரை முறையாக ஆராயப்படவில்லை என்பதே காரணம்.

ஆயுள் கைதிக்கு இந்த அரை மணி நேரம் இல்லை. சான்று பிழையானால், தண்டனை எதுவாயினும் தீர்ப்பும் பிழையே அன்றோ? நிதாரி கொலை வழக்குகளில் ஒரே வகைச் சான்றின் மீது 12 வழக்குகளில் விடுதலையானவருக்கு, எஞ்சிய ஒரு தண்டனை 2025 நவம்பரில் மறுசீராய்வில்தான் நீங்கியது. அப்படி நீங்குவது மிக அரிது.

அமெரிக்காவில், மாநில நீதிமன்றத் தண்டனையைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எதிர்க்க 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக் கெடு விதித்தது. எனினும், நிரபராதி என்பதற்கு வலுவான புதிய சான்று இருந்தால் அக்கெடு தடையாகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2013-இல் கூறியது. இதே அளவுகோலை நாமும் ஏற்கலாம். எல்லா மனுக்களுக்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. புதிய அறிவியல் சான்றோ, முரண்பட்ட தீர்ப்புகளோ காட்டப்படும் ஆயுள் தண்டனை வழக்குகளுக்கேனும் அந்த அரை மணி நேரத்தை நீட்டிக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு அது சிறு செலவு. பிழையாகத் தண்டிக்கப்பட்டவருக்கோ அதுவே எஞ்சிய வாழ்நாள்.