நவ்ரோஸுக்கு ராயபுரம் போகலாமா?

மார்ச் 21 நவ்ரோஸ் அன்னைக்கு ராயபுரம் பார்சி கோயிலைப் பார்க்கப் போகலாம்னு நம்ம கிளாஸ்ல ஒரு பிளான் ஓடுது. எனக்கு உடன்பாடு இல்லை மக்களே.

முதல்ல தேதி. அது ஈரான் கணக்கு. பார்சிகள் அதையும் கொண்டாடுவாங்க, ஆனா இந்தியாவுல பெரும்பாலானவங்களுக்குப் புது வருஷம் ஆகஸ்ட்லதான். அவங்க காலண்டர்ல லீப் நாள் கிடையாது. அதனால 4 வருஷத்துக்கு ஒருநாள் முன்னாடி நகரும். 2023-ல ஆகஸ்ட் 16, 2024-ல 15. (எப்படியும் லீவு!)

எந்த நாள் போனாலும், 1910-ல கட்டின அந்த அக்னிக் கோயிலுக்குள்ள பார்சி அல்லாதவங்களை விடமாட்டாங்க. சென்னையில அவங்க இருக்கறதே சில நூறு பேர். பண்டிகையன்னைக்குக் கும்பிட வர்றவங்க வாசல்ல நாம இருபது பேர் கேமராவோட நிக்கிறது அசிங்கம்.

சாதாரண ஞாயித்துக்கிழமை போவோமே... தாம்பரத்துல ஏறி, பீச்ல மாறினா அடுத்த ஸ்டேஷன். 1856-ல திறந்த ராயபுரம் ஸ்டேஷனையும் நிதானமாப் பார்க்கலாம்.