தாராவியின் 350 சதுர அடி வீடு: கிரைண்டரை எங்கே வைப்பது?

மும்பையில் வேலை கிடைத்து, ரூம் எடுத்துத் தங்கியவர்களுக்கு அந்த ஹாரன் சத்தம் நினைவிருக்கும். காலையில் ஒரு சைக்கிள், பின்னால் பெரிய பாத்திரத்தில் சூடான இட்லி, பக்கத்தில் ஒரு வாளி சட்னி. இப்படி வரும் இட்லிக்காரர்கள் பலரும் கிளம்புகிற இடம் தாராவி. அரிசி ஊறப்போடுவது, மாவு அரைப்பது, விடியும் முன்னே அவித்து எடுப்பது எல்லாமே வீட்டில்தான். பிள்ளைகள் தூங்குகிற பாயை ஒட்டித்தான் கிரைண்டர் ஓடும்.

அந்த வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதுதான் இப்போதைய திட்டம். புது வீட்டில் அந்த கிரைண்டருக்கு இடம் இருக்குமா?

என்ன தருகிறார்கள்?

சுமார் 600 ஏக்கர் தாராவியை மாற்றிக் கட்டும் ஏலத்தை 2022-ல் அதானி குழுமம் வென்றது. மகாராஷ்டிர அரசும் இதில் பங்குதாரர். தகுதியுள்ள குடும்பத்துக்கு தனிச் சமையலறை, கழிப்பறையோடு 350 சதுர அடி வீடு இலவசம். மும்பையின் மற்ற குடிசை மாற்றுத் திட்டங்களில் கிடைப்பது 300 சதுர அடி. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று பழகிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. தாராவி வாழ்க்கையை ரொமான்டிக்காக எழுதுபவர்கள் அந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் வீடு என்றால் தூங்க, சமைக்க, குளிக்க மட்டும். கடைக்கு வேறு கணக்கு. குடிசை மாற்று விதிப்படி, ஏற்கெனவே இருக்கும் கடைக்கு 225 சதுர அடி வரைதான் இலவசம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்? தாராவியில் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கு!

கும்பர்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் வீட்டைப் பாருங்கள். முன்பக்கம் தெருவைப் பார்த்த கடை, நடுவில் குடித்தனம், பின்பக்கம் பல குடும்பங்களுக்குப் பொதுவான முற்றம், அதில் சூளை. பானை காய்வது முற்றத்தில், விற்பது வாசலில். மும்பையின் ‘அர்ப்ஸ்’ என்ற நகரவியல் குழு இதுபோன்ற வீட்டுக்கு ‘டூல் ஹவுஸ்’ என்று பெயர் வைத்தது. வீடே ஒரு தொழில் கருவி என்று அர்த்தம். அதை 14-வது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் களிமண் மூட்டை எப்படி ஏறும், ஈரப்பானை எங்கே காயும்?

மாடியில் இருப்பவர் எங்கே போவார்?

உண்மையான சிக்கல் இங்கேதான். இலவச வீடு, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு. மேல்மாடிக் குடித்தனக்காரர்களுக்கு தாராவிக்கு வெளியேதான் வீடு, அதுவும் வாடகை கட்டி மெல்லமெல்லச் சொந்தமாக்கும் முறையில்.

காகிதத்தில் இது நியாயமாகக்கூடத் தெரியலாம். ஆனால் தாராவியில் கீழே தையல் மிஷின், செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே தங்குமிடம் என்பது சாதாரணக் காட்சி. கீழே தைப்பவர்தான் மேலே தூங்குகிறார். ஆர்டர் வந்தால் ராத்திரி 11 மணிக்கும் இறங்கி வருவார், மனைவி சமையலுக்கு நடுவே பட்டன் வைத்துக் கொடுப்பார். விதி இந்த ஏணியை நடுவில் வெட்டுகிறது: மிஷின் தாராவியில், ஆள் வேறொரு புறநகரில். லோக்கல் ரயிலில் போய்வரும் நேரமும் காசும் அவருடைய கூலியில்தான் கழியும்.

அப்போ எப்படிக் கட்டலாம்?

எல்லாத் தொழிலையும் வீட்டுக்குள் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. தோல் பதனிடும் ரசாயனம், பிளாஸ்டிக் உருக்கும் புகை குழந்தை தூங்கும் அறைக்குள் வரக் கூடாது. அவற்றுக்குத் தனிக் கட்டடம்தான் சரி, ஆனால் நடந்து போகிற தூரத்தில். தையல், மாவு, அப்பளம், எம்பிராய்டரிக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். கீழ் மூன்று, நான்கு மாடிகளை வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஒதுக்கலாம். மிஷின் எடையைத் தாங்கும் தளம், த்ரீ ஃபேஸ் மின்சாரம், மூட்டை ஏற்ற தனி லிஃப்ட், இரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற அகலத்தில் வராந்தா. அப்பளம் காயப்போட மொட்டை மாடியைப் பூட்டாமல் இருந்தாலே போதும்.

இந்தியாவில் இப்படி யோசித்துக் கட்டாமலும் இல்லை. இந்தூரின் அரண்யா குடியிருப்பை 1980-களில் வடிவமைத்த பி.வி.தோஷி, ஏழைகளுக்குக் கழிப்பறையும் ஓர் அறையும் கொண்ட மனைகளைக் கொடுத்து, மீதியை வசதிக்கேற்ப அவர்களே கட்டிக்கொள்ள விட்டார். தெருவைப் பார்த்த அறை கடையானது, வெளிப்படிக்கட்டால் மாடி தனிக் குடித்தனமானது. அங்கே மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 375 சதுர அடி. தாராவியில் தரப்போகும் வீட்டைவிட 25 சதுர அடிதான் அதிகம். அரண்யா காலி நிலத்தில் எழுந்தது, தாராவியில் அந்த வசதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தரைத்தளத்தையும் மாடியையும் ஒரே குடும்பக் கணக்கில் எழுதுவதற்குக் காலி நிலம் எதற்கு? தகுதிப் பட்டியலில் ஒரு விதியைத் திருத்தினால் போதும்.