‘தீராத வயிற்றுவலி’ என்று எழுதி மூடாதே!

சேர்வராயன் மலை விவசாயிகளே, தோட்டத் தொழிலாளர்களே!

பூச்சிமருந்து குடித்துச் செத்தவருக்குக் காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள்? ‘தீராத வயிற்றுவலி’. இல்லாவிட்டால் ‘குடும்பத் தகராறு’. காப்பி விலை விழுந்ததும், மிளகுக்கொடி வாடினதும், வட்டிக்காரன் வாசலில் நின்றதும் அதில் ஏறாது. அதற்காகக் கடன் ஒன்றுதான் காரணம் என்று நாமும் முடித்துவிடக்கூடாது. குடி, நோய், தூக்கமில்லாத ராத்திரி, வெளியே சொல்ல முடியாத அவமானம் எல்லாம் சேர்ந்துதான் ஆளை அமுக்குது.

பல பேருக்கு அது ஒரு நேரத்து வேகம். அந்த நேரம் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கையில் 1995 முதல் கொடிய மருந்துகளைத் தடுத்தார்கள். லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை 2005இல் 24 ஆனது. விளைச்சல் குறைந்ததா? இல்லை! தமிழக அரசு 2023 தொடக்கத்தில் 6 மருந்துகளைத் தடுத்தது, 60 நாளுக்கு. அறுபத்தோராம் நாள் அது விஷமில்லையா? 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்துக்கு விட்ட அதிகாரம் அவ்வளவுதான்; நிரந்தரத் தடை டில்லி கையில்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ‘சினேகா’ டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, ஊருக்குப் பொதுவாக மருந்து அறை கட்டி, ஆளுக்கொரு பெட்டி, பூட்டு கொடுத்தது. மருந்து வீட்டுக்குள் போகவில்லை, சாவு குறைந்தது. நம் வீடுகளில் தண்டு துளைப்பான் மருந்து எங்கே இருக்கிறது? கட்டிலுக்கு அடியில்!

யாராவது குடித்துவிட்டால் போலீஸ் கேசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரி. கைவைத்தியத்துக்கு நேரமில்லை, உடனே 108. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், தண்டிக்கக்கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது 2017 மனநலச் சட்டம். பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலையோடு போயிற்று.

ஒருத்தர் ஒதுங்கி ஒதுங்கிப் போனால், ‘சாகணும்னு தோணுதாப்பா?’ என்று நேரே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது, பாரம்தான் இறங்கும். புத்தி சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416க்கோ 104க்கோ கூடவே உட்கார்ந்து போன் போடுங்கள். பறிகொடுத்த வீட்டில் போய் ‘ஏன் செஞ்சான்?’ என்று துருவாதீர்கள். அந்தம்மாவின் காப்பிப் பழம் மரத்திலேயே காய்கிறது, நாலு பேர் போய்ப் பறித்துக் கொடுங்கள்.

அரசே! ஊருக்கொரு பூட்டிய மருந்து அறை கட்டு! மனநல மருத்துவரை மாதந்தோறும் மலைக்கு ஏற்று!

நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை எங்கும் கையெழுத்து வாங்க வீடு வீடாக வருகிறோம். கைநாட்டும் செல்லும்.