பேட்மேனுக்கு எத்தனையோ முகம்... தமிழ் சூப்பர் ஹீரோ மட்டும் ஏன் கைமாறவே இல்லை?

பேட்மேன் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வரும் முகம் எது? மைக்கேல் கீட்டனா, கிறிஸ்டியன் பேலா, ராபர்ட் பேட்டின்சனா? வயசைப் பொறுத்து பதில் மாறும். ஆனால் 'கந்தசாமி' என்றால் விக்ரம், 'முகமூடி' என்றால் ஜீவா, 'மாவீரன்' என்றால் சிவகார்த்திகேயன். இதுல யாருக்கும் ரெண்டாவது பதிலே கிடையாது. ஏன் இப்படி? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே வேஷம், வேற வேற ஆள்

1989-ல் டிம் பர்ட்டன் பேட்மேன் எடுத்தபோது, காமெடி படங்களில் நடித்துக்கொண்டிருந்த கீட்டனை ஹீரோவாகப் போட்டார். "இவரா பேட்மேன்?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். படம் வந்ததும் அடங்கிப் போனார்கள். 2005-ல் கிறிஸ்டோபர் நோலன் வேறு ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்: ஒரு மனுஷன் எதுக்கு வௌவால் வேஷம் போடணும்? பயம்தான் பதில் என்று பேலை வைத்து மூணு படத்தில் சொன்னார். 2022-ல் மேட் ரீவ்ஸ் எடுத்ததில் பேட்டின்சன் தூக்கமில்லாத துப்பறிவாளர். அப்பா அம்மா சாவதைக்கூட அவர் திரும்பக் காட்டவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த கதைதானே!

வேஷம் ஒன்றுதான். நடிகரும் இயக்குநரும் மாறும்போது கேள்வி மாறுகிறது.

நம்ம ஊர் கணக்கு என்ன?

'கந்தசாமி' (2009): சுசி கணேசன் இயக்கத்தில் விக்ரம். கோயில் மரத்தில் ஜனங்கள் கட்டும் மனுவைப் படித்து, சேவல் வேஷத்தில் வந்து உதவும் அதிகாரி.

'முகமூடி' (2012): மிஷ்கின் இயக்கத்தில் ஜீவா. சக்தி எதுவும் இல்லை, குங்ஃபூ மட்டும்தான்.

'ஹீரோ' (2019): பி.எஸ்.மித்ரன் இயக்கத்தில் சிவகார்த்திகேயன். போலி சான்றிதழ் அடிக்கும் பையன், கல்வி வியாபாரத்தை எதிர்த்து முகமூடி போடுகிறான்.

'வீரன்' (2023): ஏ.ஆர்.கே.சரவண் இயக்கத்தில் ஹிப்ஹாப் ஆதி. மின்னல் தாக்கி சக்தி கிடைத்தவன், ஊரைக் காப்பாற்ற காவல் தெய்வத்தின் பெயரிலேயே இறங்குகிறான்.

'மாவீரன்' (2023): மடோன் அஸ்வின் இயக்கத்தில் மீண்டும் சிவகார்த்திகேயன். பயந்தாங்கொள்ளி கார்ட்டூனிஸ்ட்டுக்கு மேலே இருந்து விஜய் சேதுபதியின் குரல் கேட்கிறது. இதில் வில்லன் யார் தெரியுமா? 'முகமூடி' எடுத்த அதே மிஷ்கின்!

அஞ்சுமே வித்தியாசமான யோசனைகள். ஆனால் அஞ்சும் அஞ்சு தனித்தனி ஹீரோக்கள். ஒன்றை இன்னொருவர் எடுத்து வேற மாதிரி செய்து பார்க்கவே இல்லை.

காரணம் என்ன?

முதல் காரணம், உரிமை. பேட்மேன் 1939-லேயே காமிக்ஸில் பிறந்தவர். பாத்திரம் கம்பெனிக்குச் சொந்தம்; நடிகர் வருவார், போவார். இங்கே கதை பெரும்பாலும் இயக்குநர் மனதில் பிறந்து, ஸ்டாருக்காக வளர்க்கப்படுகிறது. சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972-லேயே இரும்புக்கை மாயாவியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஆனால் அவரும் பிரிட்டன் காமிக்ஸில் இருந்து வந்தவர்தான்.

ரெண்டாவது காரணம், முகம். முகமூடியோட வேலையே முகத்தை மறைப்பது. நம்ம ஊரில் டிக்கெட் விற்பதே அந்த முகத்தை வைத்துத்தான். கட் அவுட்டில் முகம் தெரியலைன்னா பாலை எங்கே ஊற்றுவது? 'மாவீரன்' ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் முகமூடியே கிடையாது. பயத்தோடு அண்ணாந்து பார்க்கும் முகம்தான் அந்தப் படத்தின் பலமே.

இதனால் என்ன நஷ்டம்?

1997-ல் ஜார்ஜ் குளூனி நடித்த 'பேட்மேன் அண்ட் ராபின்' பலத்த அடி வாங்கியது. ஆனால் பேட்மேன் சாகவில்லை. எட்டு வருஷம் கழித்து வேறு ஆள் அதே வேஷத்தைப் போட்டார். 'முகமூடி' ஓடாதபோது அந்த ஹீரோவின் கதையும் அதோடு முடிந்துவிட்டது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது: சக்தியே இல்லாத, பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஒரு ஹீரோ. அதை இன்னொரு இயக்குநர், இன்னொரு நடிகரை வைத்து சரிசெய்து பார்க்க வழி இல்லை. ஒவ்வொருத்தரும் முதலில் இருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு படம் விழுந்தால், ஒரு பாத்திரமே காலி.

நமக்குப் பழக்கமில்லாத விஷயமா?

அப்படிச் சொல்ல முடியாது. திசையன்விளை பக்கம் கொடை விழா பார்த்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். சுடலைமாடன் கதையை ஒரு ஊரில் ஒரு வில்லுப்பாட்டுக் குழு பாடும், அடுத்த ஊரில் வேறு குழு பாடும். ஒருத்தர் சுடலையின் கோபத்தைத் தூக்கிப் பாடுவார், இன்னொருத்தர் பாசத்தை. சாமியாடுபவருக்கு வயதானால் அடுத்தவர் ஆடுவார். "போன வருஷம் ஆடினவர்தான் சாமி" என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. ஆள் மாறினாலும் சுடலை சுடலைதான்.

ஆக, வேஷத்தை ஆளுக்கு மேலே வைத்துப் பார்க்கும் பழக்கம் ரசிகர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடிகர்களும் தயாரிப்பாளர்களும்தான் அதுக்குத் தயாராகணும். மாவீரனின் அந்தக் குரல் நாளைக்கு வேறு ஒருத்தர் காதில், ஒரு பெண்ணின் காதில் கேட்டால் எப்படி இருக்கும்? அப்போதுதான் தமிழிலும் "உங்க மாவீரன் யாரு?" என்று ரெண்டு தலைமுறை சண்டை போட முடியும்.